வாரில் செருகியதும் பசையில் ஒட்டியதும்

1959ஆம் ஆண்டுக் கோடையில் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் கென் டெய்லர் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் என்ற சிற்றூரில் தங்கியிருந்தார். அந்த ஊர்க்காரரான இமானுவேல் கோர்னேலியுசன் அவருக்கென்று ஒரு கயாக் செய்து கொடுத்தார். ஸ்காட்லாந்து வந்து சேர்ந்த அந்தப் படகை 1964இல் டங்கன் வின்னிங் அளந்து வரைந்தார். இன்று ஃபைபர் கிளாஸில் ஓடும் பிரிட்டிஷ் கடல் கயாக்குகள் பலவற்றின் பரம்பரை அந்த வரைபடத்தில் போய் முடிகிறது. ஆனால் நகலெடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது படகின் வடிவம் மட்டும்தான். அதன் மேல்தளத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கிரீன்லாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவைத்திருந்த கணக்கு கூடவே வரவில்லை. அதைப் பிறகு வந்தவர்கள் டிரில்லும் பசையுமாக முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

கிரீன்லாந்தில் படகு ஆளுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம், இடுப்பளவோடு இரண்டு கைமுட்டி சேர்ந்த அகலம். ஊருக்கு ஊர் இந்த அளவு கொஞ்சம் மாறும். மரச் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைப்பார்கள். மேல்தளத்தின் குறுக்கே தோல் வார்கள் ஓடும். எலும்பிலோ தந்தத்திலோ செதுக்கிய சிறு கட்டைகளை நகர்த்தி அவற்றை இறுக்கிக்கொள்ளலாம். வலப்பக்கம் எறியீட்டி, அதை விசையோடு எறிய உதவும் எறிகட்டை. உட்காருபவருக்கு நேர் முன்னே ஒரு சின்னப் பீடம். அதன்மேல் ஈட்டிக் கயிறு வளையம் வளையமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் காற்றூதிய சீல் தோல் மிதவை.

ஈட்டி பாய்ந்ததும் அதன் முனை கழன்று சீலின் உடலில் தங்கிவிடும். கயிறு பீடத்திலிருந்து தானாக உருவிக்கொண்டு ஓடும். மறுமுனையில் கட்டிய மிதவையை வேட்டைக்காரர் கையைப் பின்னால் நீட்டித் தண்ணீரில் தள்ள வேண்டும். இத்தனையும் சில நொடிகளில் நடந்தாக வேண்டும். கயிறு ஒரே ஒரு சுற்று கையிலோ துடுப்பிலோ சிக்கினாலும் மிரண்டு ஓடும் சீல் படகையே கவிழ்த்துவிடும். அதனால் பீடம் எங்கே, மிதவை எங்கே, ஈட்டி எந்த வாரின் கீழ் என்பது உயிர்ப் பிரச்சினை. பார்க்காமலே கை போய் எடுக்கும் இடத்தில் பொருள் இருந்தது. கவிழ்ந்த படகைத் துடுப்பால் உருட்டி நிமிர்த்தும்போது எதுவும் உதிரவில்லை, எதுவும் தடுக்கவில்லை.

இந்த ஏற்பாடு காலத்துக்கும் அப்படியே நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கி வந்ததும் கிரீன்லாந்துக்காரர்களே தங்கள் படகை மாற்றினார்கள். துப்பாக்கியை நனையாமல் வைக்க முன்தளத்தில் ஒரு தோலுறை வந்தது. பனிக்கட்டிபோல் தோன்றி சீலை ஏமாற்ற, முன்முனையில் வெள்ளைத் துணித் திரை கட்டினார்கள். குறி பார்க்கும்போது இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும், துடுப்பு சும்மா கிடக்கும், படகின் முகம் திரும்பிவிடும். அதைத் தடுக்கப் பின்முனையில் ஒரு மர வால்பலகையை, நிலையான சிறு சுக்கான்போல், கட்டிக்கொண்டார்கள். புதுக் கருவி ஒன்று வந்ததால் அதைத் தாங்க இன்னும் மூன்று பொருள்கள் படகில் ஏறின. ஒவ்வொன்றும் வாரால் கட்டியது. வேண்டாத நாளில் அவிழ்த்துவிடலாம்.

நம் கடற்கரையின் கட்டுமரமும் இப்படித்தான் இருந்தது. மரங்களைக் கயிற்றால் பிணைத்து, பாய்மரத்தையும் பக்கப் பலகையையும் வேண்டும்போது சேர்த்து, கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடுவார்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகும் வெளியே மாட்டும் எஞ்சினும் வந்தபோது இங்கும் கயிற்றின் இடத்தைப் போல்ட் பிடித்தது.

இரண்டு காலத்துக்கும் நடுவே நிற்பவர் ஜெர்மானியரான ஆஸ்கர் ஸ்பெக். 1932இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கியவர், ஏழாண்டு கழித்து 1939இல் ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணைத் தீவுகளை அடைந்தார். வழியில் இந்தியக் கரையோரமாக வந்து 1935இல் இலங்கையைத் தொட்டார். அவருடையது ரப்பர் பூசிய துணிபோர்த்திய மடக்குப் படகு. அமைதியான ஆறுகளில் உல்லாசமாகப் போவதற்கென்று செய்த வகை. காலால் திருப்பும் சுக்கானும் சிறு பாயும் அதைக் கடலோடியாக்கின.

உண்மையான மாற்றம் 1970களில் நடந்தது. ஃபைபர் கிளாஸ் அச்சில் ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் வார்க்கப்பட்டது. 1975இல் கொலின் மோர்ட்லாக் தலைமையில் ஒரு குழு நார்வேயின் வடமுனை நோக்கித் துடுப்பு வலித்தது. அந்தப் பயணத்துக்காக ஃபிராங்க் குட்மன் வடிவமைத்த படகுக்கு நார்ட்காப் என்றே பெயர் வந்தது. 1977இல் அதே வகைப் படகில் அவரும் தோழர்களும் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றினார்கள். உள்ளே தடுப்புச் சுவர்கள், சாமான் வைக்க வட்டமான ரப்பர் மூடிகள், தண்ணீர் இறைக்க மேல்தளத்தில் கைப்பம்ப்: கடல் கயாக் என்றால் இன்று நம் கண்முன் வரும் உருவம் அந்தப் பத்தாண்டில் உருவானதுதான்.

இதில் பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிரீன்லாந்துக்காரருக்குப் படகுக்குள் தண்ணீர் நிறையும் தொல்லை பெரிதாக இல்லை. அவர் அணிந்த தோல் மேலங்கியின் கீழ்விளிம்பு உட்காரும் வாயின் வளையத்தில் இறுகக் கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்தால் உருண்டு நிமிர்வார். வெளியே வருவதென்பது கிட்டத்தட்டச் சாவு. பொழுதுபோக்காகக் கடலுக்குப் போகிறவர் அப்படியல்ல. உருட்டத் தவறினால் படகை விட்டு வெளியே வருவார், பிறகு ஏறிக்கொள்வார். ஏறிய படகில் தொடை வரைக்கும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி இன்னும் சாய்க்கும். அதை வெளியேற்றும் வரை அவர் பாதி கவிழ்ந்தவர்தான்.

பின்தளத்தில் இருந்த பழைய பம்ப்புக்கு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் முறுக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு அலையில் நிலைநிற்பது எத்தனை பேரால் முடியும்? குழாய்போன்ற கைப்பம்ப் வந்தது. மலிவு, எந்தப் படகுக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு இரண்டு கையும் வேண்டும், இடுப்பைச் சுற்றிய உறையையும் திறந்து வைக்க வேண்டும். இறைக்க இறைக்க அடுத்த அலை நிரப்பும். முன் தடுப்புச் சுவரில் கால்பம்ப் மாட்டியவர்கள் புத்திசாலிகள்: கை இரண்டும் துடுப்பில், உறை மூடியே இருக்கும், மின்சாரமும் வேண்டாம். சுவரைக் கூடுதல் ஃபைபர் வைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் இன்று சொந்தப் படகில் கை வைப்பவர்களை அதிகம் ஈர்ப்பது மின்பம்ப். பெரிய படகுகளின் அடித்தளத்தில் வைப்பதற்கென்று விற்கும் 12 வோல்ட் பம்ப், மணிக்கு 500 காலன், அதாவது 1,900 லிட்டர் அளவுக்கு இறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். குழாயின் வளைவும் ஏற்றமும் சேர்ந்தால் அவ்வளவு வராது, வந்தவரை போதும். பம்ப் இருக்கைக்குப் பின்னால் தாழ்ந்த இடத்தில் உட்காரும். பேட்டரி தண்ணீர் புகாத பெட்டிக்குள், பியூஸோடு. முன்பு ஈய பேட்டரி வைத்தார்கள். இப்போது அதைவிட எடை குறைந்த லித்தியம் வந்துவிட்டது.

தண்ணீர் வெளியேறும் வாய்க்கு மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு துளை போட்டே ஆக வேண்டும். பளபளக்கும் பூச்சின் மேல் காகித டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் வட்டம் போட்டு, முதலில் மெல்லிய டிரில்லால் வழிகாட்டித் துளை, அப்புறம் வட்டரம்பம். டேப் இல்லாவிட்டால் பூச்சு சில்லுசில்லாகப் பெயரும். உடைந்த ஃபைபர் தூள் மூக்கில் ஏறினால் எரியும்; முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. துளையின் விளிம்பில் இழைகள் வெளியே தெரியும். அவற்றை எபாக்சி தடவி மூடாவிட்டால் தண்ணீர் இழைவழியாக ஊறும். உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து, கடல்நீர் தாங்கும் சீலன்ட் பூசி, முதலில் மிதமாக முடுக்கி, சீலன்ட் காய்ந்த பிறகு இன்னும் ஒரு சுற்று.

சுவிட்சுக்குத் துளை வேண்டாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேல்தளத்தின் அடியில் காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்சை எபாக்சியில் புதைத்துவிடுகிறார்கள். மேலே ஒரு காந்தத்தை நகர்த்தினால் ஃபைபரைத் தாண்டி அது கீழேயுள்ள சுற்றை மூடும், பம்ப் ஓடும். தண்ணீர் நுழைய வழியே இல்லை. ஆனால் அந்தக் காந்தம் முன்தளத் திசைகாட்டியின் அருகே இருந்தால் முள் பொய் சொல்லும். விஎச்எஃப் ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள்ளும் காந்தம் உண்டு. சமையலுக்கு எடுத்துப்போகும் இரும்புச் சட்டியை முன்னறையில் வைத்தாலும் இதே கதை. மூடுபனியில் திசைகாட்டியை நம்பிப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பம்ப்பைவிடத் துணிச்சலான வேலை, முழுசாக முடிந்த படகின் அடியில் நீளவாக்கில் பிளவு வெட்டி, இழுத்துக்கொள்ளும் வால்பலகை ஒன்றுக்குப் பெட்டி பொருத்துவது. பக்கவாட்டுக் காற்றில் ஓடும் கயாக் தானாகக் காற்றுக்கு முகம் திருப்பும். பின்னால் வால்பலகை இறங்கினால் பின்பகுதிக்குத் தண்ணீரில் பிடி கிடைத்து நேராக ஓடும். துப்பாக்கி வேட்டைக்காரர் பின்முனையில் கட்டிய அதே மரத்துண்டின் வேலை. அவர் அவிழ்த்து எறிந்துவிடலாம்; பிளவு வெட்டியவர் அதன் கசிவோடும் அதில் சிக்கும் கூழாங்கல்லோடும் குடித்தனம் நடத்த வேண்டும்.

பிளாஸ்டிக் படகுகளின் உலகம் வேறு. பாலிஎத்திலீனில் எபாக்சி சரியாக ஒட்டாது, போல்ட்தான் கதி. அமெரிக்க மீன்பிடி கயாக்குகளில் ஓரம் முழுக்க அலுமினியத் தண்டவாளம் ஓடுகிறது. தூண்டில் பிடிப்பான், கேமரா, திரை எதை வேண்டுமானாலும் நகர்த்தி மாட்டலாம். மீன் தேடும் சோனாரின் உணரியைப் படகின் உள்பக்க அடியில் பசையில் அழுத்திவிடுகிறார்கள். காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாவிட்டால் ஒலியலை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போய்த் திரும்பும். துளை போடாத இந்த நுட்பத்தில் பழைய வார்களின் புத்தி கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் மடியைச் சுற்றி ஆறேழு கம்பிகள் நிற்கும் படகில், கவிழ்ந்தவர் எந்த வழியாக மீண்டும் ஏறுவார்?

இந்தக் கேள்வியோடு கயாக் பயணி ஆண்ட்ரூ மெக்காலியின் நினைவு வருகிறது. 2007 ஜனவரியில் டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாக, கடைகளில் விற்கும் வகையைச் சேர்ந்த கயாக்கை மாற்றியமைத்துக்கொண்டு புறப்பட்டார். நடுக்கடலில் தூங்குவதற்காக, உட்காரும் வாயை மூடும் ஃபைபர் கிளாஸ் குமிழ்மூடி ஒன்றைச் செய்து பொருத்தியிருந்தார். காஸ்பர் என்று அதற்குப் பெயர். அது மூடியிருந்தால் படகு கவிழ்ந்தாலும் தானே நிமிரும். அந்த மூடிக்குள் அடங்கிக் கடும் புயலையே தாண்டினார். பிப்ரவரி 9 அன்று அவருடைய ரேடியோ குரல் கேட்டது. மறுநாள் நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டை நெருங்கும் கடற்பகுதியில் படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. மூடியிருந்தபோது அத்தனை இரவுகள் காத்த மூடி, திறந்திருக்கும்போது துடுப்பு வலிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பாரம். உருட்டி நிமிர்த்துவதைக் கடினமாக்கக்கூடிய பாரம். சேர்த்த எந்தப் பொருளையும் படகு நேராக இருக்கும்போது மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஆகவே பொருத்தி முடித்த மறுநாள் கடலுக்குப் போகாமல், இடுப்பளவு தண்ணீரில் ஒரு துணையோடு போய், எல்லாக் கருவிகளும் மாட்டிய நிலையிலேயே படகைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள் இதில் பழகியவர்கள். உருட்ட வருகிறதா, வெளியே வந்தால் கால் எதிலாவது மாட்டுகிறதா, பின்தளத்தில் குப்புற ஏறும்போது உயிர்காப்பு அங்கி எந்தக் கொக்கியில் சிக்குகிறது, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் சுவிட்ச் கைக்கு வருகிறதா என்று ஒவ்வொன்றாக. பின்தளத்தில் ஆசையாக மாட்டிய கேமராத் தண்டுதான் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுகிறது. அது விட்டுச்சென்ற இரண்டு துளைகளையும் அடைக்கக் கொஞ்சம் எபாக்சி மிச்சம் வைத்திருப்பது நல்லது.