அடுப்படி வைத்தியம் – 7: நீலத்துக்குள் ஓடும் செம்மஞ்சள்

போன கிழமை ரெகுலேட்டரும் ரியூப்பும் பார்த்தோம். 2021 நவம்பரில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த கதையையும், சிலிண்டருக்குள் புரொப்பேனின் பங்கு கூடினால் அமுக்கம் எப்படி ஏறும் என்பதையும் அங்கேயே சொல்லியாயிற்று. சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்காதவர்கள் முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள். இந்தக் கிழமை ஓவன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் சுவாலையின் நிறத்தை முடிக்காமல் ஓவனுக்குள் போக மனம் வரவில்லை.

அச்சுவேலியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, அடுப்பு மஞ்சளா எரியுது. காஸுக்குள்ளை என்னவோ கலந்துபோட்டாங்கள் போல கிடக்கு." குசினிக்குள் போய்க் குனிந்து பார்த்தேன். பர்னரைச் சுற்றி நீலக் கூம்புகள் ஒழுங்காக நின்றன. அவற்றுக்குள்ளால் செம்மஞ்சள் பொறிகள் வந்து வந்து மறைந்தன. பானையின் அடியைத் தடவினேன். கையில் கரி ஒட்டவில்லை.

"கூழ் பொங்கினதோ மாமி?"

"ஓம், நேற்றுப் பின்னேரம். அடுப்பெல்லாம் ஊத்தினது."

அவ்வளவுதான் விஷயம். ஒடியல் கூழின் உப்புத்தண்ணீர் பர்னர் துளைகளைச் சுற்றிக் காய்ந்து, சுவாலை பட்டதும் இந்தச் செம்மஞ்சளைக் காட்டுகிறது. உப்பில் உள்ள சோடியம் சூடேறினால் இந்த நிறத்தைத்தான் கக்கும். காஸில் ஒரு பிழையும் இல்லை.

இந்த மஞ்சளைப் பற்றித் தேடப்போய்த்தான் இந்தக் கிழமை முழுவதும் ஜேர்மனியின் ஹைடல்பர்க் நகரிலேயே கிடந்தேன். எங்கள் அடுப்பைப் போல எரியுமுன்னரே காற்றைக் கலந்துகொள்ளும் பர்னரைத் தன் ஆய்வுகூடத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த றொபேட் பன்சனும், அவருடைய நண்பர் குஸ்தாவ் கிர்க்கோபும் அங்கே ஒரு பரிசோதனை செய்தார்கள். 1860இல் அதை எழுதி வெளியிட்டார்கள். அறையின் ஒரு மூலையில் வெறும் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேற்றைப் பாற்சீனியோடு சேர்த்து வெடிக்க வைத்தார்கள். மறுமூலையில் நிறமற்ற சுவாலை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நிறமாலைகாட்டி வழியே அதைப் பார்த்தபடி இருந்தார்கள். சில நிமிடங்களில் சுவாலைக்குள் சோடியத்தின் மஞ்சள் கோடு பளிச்சென்று எழும்பியது. அறை முழுக்கப் பரவிய அந்தத் துளித் தூசில் சுவாலைக்குள் போனது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரு மில்லிகிராமை முப்பது இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவு! அதையும் சுவாலை காட்டிக்கொடுத்தது.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. எந்தக் காற்றைப் பார்த்தாலும் சோடியம் ஏன் தெரிகிறது என்று கேட்டு, கடலைக் கைகாட்டினார்கள். பூமியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடல். அலை உடைந்து தெறிக்கும் நுண்துளி காற்றிலே காய்ந்து உப்புத் தூசாகி அலைகிறது என்றார்கள். வளலாய்ப் பக்கம் கடலும், தொண்டைமானாற்றுப் பக்கம் உவர்நீரும் வைத்திருக்கிற எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறென்ன வேணும்? கூழே பொங்காத நாளிலும், யன்னல் திறந்து கிடக்கும் குசினியில் நீலச் சுவாலைக்குள் ஒரு மஞ்சள் பொறி ஓடினால் பயப்படாதீர்கள். தூசு தும்பாகத்தான் இருக்கும். பர்னர் மூடியைக் கழற்றி, வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள்.

பயப்பட வேண்டிய மஞ்சள் வேறு. அது பொறியாக வராது. சுவாலை முழுவதும் நீண்டு, சோம்பலாக ஆடி, பானையின் அடியில் கரி பூசும். காற்றுப் போதாமல் காஸ் அரைகுறையாக எரிகிறது. அந்த மஞ்சள் சூடேறி ஒளிரும் கரித்துகள். அதோடு மணமில்லாத காபனோரொட்சைட்டும் வரும். அடுப்பை நிற்பாட்டி, கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள். துளைகளை மெல்லிய ஊசியால் குத்தி எடுங்கள். நெருப்புக்குச்சி வேண்டாம், முறிந்து உள்ளே நின்றுவிடும். கனநாள் பாவிக்காத அடுப்பென்றால் பர்னர் குழாயையும் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்களின் வீடுகளில் அதற்குள் சிலந்தி வலையோ குளவியின் மண்கூடோ அடைத்துக் கிடக்கலாம். காற்றுப் போகும் வழி அதுதான். துப்புரவாக்கியும் கரி பிடித்தால் திருத்துகிறவரைக் கூப்பிடுங்கள். ஜெற்றின் துளையை நீங்களே குடைந்து பெருப்பிக்க வேண்டாம். அங்கே கை வைத்தால் காஸ் கூடிப்போய்க் கரி இன்னும் மோசமாகும்.

ஆக, பானையின் அடிதான் சாட்சி. நிறத்தைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள்.

மாரி காலத்தில் பலர் கேட்கும் இன்னொன்று: திருகை விட்ட பிறகும் அடுப்பு 'டிக் டிக்' என்று பொறி தட்டிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் ஈரம்தான். பொறி தட்டும் வெள்ளைப் பீங்கான் முனையைத் துடைத்துக் காயவிடுங்கள், நின்றுவிடும்.

மேலே கருகி நடுவிலே மாவாக நிற்கும் கேக்கைப் பற்றி எழுதியவர்கள் பொறுக்க வேணும். அடுத்த கிழமை ஓவன்தான். வெள்ளைச் சீனி ஒரு தேக்கரண்டியும் ஒரு துண்டு அலுமினியத் தாளும் எடுத்து வையுங்கள். சீனி ஏறத்தாழ 186 பாகையில் உருகும். உங்கள் ஓவனின் திருகு 180 என்று காட்டும்போது உள்ளே உண்மையில் எவ்வளவு சூடு என்பதை அந்தச் சீனியை வைத்தே கண்டுபிடிப்போம்.