கூட்டு ஆராய்ச்சியும் டாக்டர் பட்டமும்

டாக்டர் பட்டத்துக்காக எழுதப்படும் ஆராய்ச்சி நூல், அதனை எழுதியவரின் தனித் திறமைக்குச் சான்றாக விளங்குதல் வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. விஞ்ஞான ஆராய்ச்சியோ பெரும்பாலும் பலர் கூடிச் செய்யும் பணி. பிறரோடு சேர்ந்து ஆராய்ந்து, பலர் பெயரால் முன்னரே வெளியிட்டுவிட்ட முடிவுகளை ஒருவர் தம் நூலில் சேர்க்கலாமா? அது பிறர் உழைப்பைத் தமதாக்கிக் கொள்வதாகாதா? இவ்வினாவுக்கு மேரி கியூரி அம்மையாரின் வரலாறு நல்ல விடை தருகிறது.

1897-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் பாரிஸ் நகரில் யுரேனியக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். 1898 ஏப்ரலில் வந்த முதற் குறிப்பு அவர் ஒருவர் பெயரால் வெளியாயிற்று. பிட்ச்பிளெண்டு என்னும் கனிமம் யுரேனியத்தினும் மிகுதியாகக் கதிர் வீசுவதால், அதனுள் புதிய தனிமம் ஒன்று மறைந்திருத்தல் கூடும் என்று அதில் அவர் கருதினார். அம்முடிவின் அருமையை உணர்ந்த கணவர் பியேர் கியூரி, தம் சொந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டு அவருடன் சேர்ந்தார். ஜூலையில் பொலோனியம் பற்றிய கட்டுரை இருவர் பெயராலும், டிசம்பரில் ரேடியம் பற்றிய கட்டுரை பெமோன் என்பவரையும் சேர்த்து மூவர் பெயராலும் வெளிவந்தன.

1903 ஜூனில் அம்மையார் தம் ஆராய்ச்சி நூலைப் பட்டத்துக்கு முன்வைத்தார். கூட்டாகக் கண்டவற்றை விட்டுவிட்டால் நூலுக்கு உயிரில்லை. அனைத்தையும் தமதென்று கொண்டால் நேர்மையில்லை. ஆகவே, தாம் தொடங்கியது எது, கணவர் வந்து சேர்ந்தது எப்போது, இருவரும் சேர்ந்து கண்டது எது என்பவற்றை நூலிலேயே எடுத்துரைத்தார். டன் கணக்கான கனிமக் கழிவிலிருந்து ரேடியத்தைப் பிரித்துத் தூய்மை செய்யும் இரசாயனப் பணி சிறப்பாக அவருடையது. ஒரு கிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கிடைத்த ரேடியம் குளோரைடைக் கொண்டு, அதன் அணு எடை 225 என 1902-இல் அவர் கணித்தார். இன்று ஏற்கப்படும் எண் 226.

இத்தெளிவு எத்துணை இன்றியமையாதது என்பதை அதே ஆண்டு காட்டிற்று. பௌதிக நோபெல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிஞர் சிலர் அனுப்பிய பரிந்துரையில் பெக்கரெல், பியேர் கியூரி ஆகிய இருவர் பெயர்களே இருந்தன! சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெப்லர் வாயிலாகச் செய்தி அறிந்த பியேர், தம் மனைவியையும் கருத வேண்டுமென்று எழுதினார். அதன் பின்னரே பரிசு மூவருக்கும் உரியதாயிற்று. 1911-இல் இரசாயனப் பரிசு பெற்றபோதும், தாம் தனித்துச் செய்தவற்றை அம்மையார் தம் உரையில் பிரித்துக் காட்டினார்.

இன்று பல பல்கலைக்கழகங்கள் கூட்டுக் கட்டுரைகளை ஆராய்ச்சி நூலில் சேர்க்க இடமளிக்கின்றன. ஆயினும், கட்டுரை முன்பு எங்கு வெளியாயிற்று என்று குறிப்பிடல் வேண்டும். சோதனையை வகுத்தவர், அளந்தவர், கணித்தவர், எழுதியவர் யார் யார் என்று கூறல் வேண்டும். உடனாசிரியர்களின் ஒப்புதலும், பதிப்புரிமை பிறரிடம் இருப்பின் அவர்தம் இசைவும் பெறல் வேண்டும். கட்டுரைகளை இணைக்கும் முன்னுரையும் முடிவுரையும் மாணவரே எழுத வேண்டும்.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் இருவர் மூவராகச் சேர்ந்து சோதனை செய்யும் இப்பருவத்திலேயே, யார் எதைச் செய்தார் என்பதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எங்கே ‘நான்’, எங்கே ‘நாங்கள்’ என்று எழுதுவது என்ற ஐயம் பின்னர் எழும்போது, அக்குறிப்பேடே உங்களுக்கும் உங்கள் தோழருக்கும் நடுவர் ஆகும்.