சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வும் மருத்துவ ஆய்வில் சேர்தலும்

குறைந்தது இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் உட்கொண்ட பின்னும் குணம் தெரியாத மனச்சோர்வு, சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு எனப்படுகிறது. இந்நிலைக்கான புதிய மருந்துகள் மனிதர்கள் பங்கேற்கும் மருத்துவ ஆய்வுகளின் வழியே வருகின்றன. அமெரிக்காவில் 2019-இல் ஒப்புதல் பெற்ற எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பு மருந்து இதற்கு எடுத்துக்காட்டு.

ஆய்வுக்கு முன்

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வசிக்கும் ஒருவர், மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். உயர் சிகிச்சைக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளது. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்பட்டதா, தைராய்டு குறைபாடோ மதுப்பழக்கமோ உள்ளதா, நோய் இருமுனையப் பிறழ்வா என்பவை முதலில் ஆராயப்படும். லித்தியம் சேர்த்தல், மயக்க மருந்துடன் தரப்படும் மின் அதிர்வுச் சிகிச்சை போன்ற வழிகளும் உள்ளன.

சிகிச்சையும் ஆய்வும்

சிகிச்சையின் நோக்கம் அந்த நோயாளியைக் குணப்படுத்துவது. ஆய்வின் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. பல ஆய்வுகளில் பங்கேற்பாளர்கள் குலுக்கல் போன்ற முறையில் பிரிக்கப்படுவர். ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும், மற்றதற்கு வழக்கமான மருந்தோ மருந்துப்போலியோ தரப்படும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும், பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே, ஆய்வில் சேர்ந்தால் புதிய மருந்து கிடைத்தே தீரும் என்று எண்ணக்கூடாது.

உரிமைகள்

இந்தியாவில் புதிய மருந்து ஆய்வுகளைப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், 2019 கட்டுப்படுத்துகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி ஆய்வு தொடங்கக்கூடாது. விளக்கமும் ஒப்புதல் படிவமும் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். ஆய்வின்போது உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும், ஆய்வே காரணம் என உறுதியானால் இழப்பீடும் உண்டு. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் மருந்துப்போலி கொடுத்ததால் வரும் பாதிப்புக்கும் இது பொருந்தும். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உறுதி செய்கிறது.

கேட்க வேண்டியவை

2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஓர் ஆய்வு பதிவாகியுள்ளதா என எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இவை தவிர, சேருமுன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை:

* தற்போதைய மருந்தை நிறுத்த வேண்டுமா?
* எத்தனை முறை வரவேண்டும்? பயணச் செலவை யார் ஏற்பர்?
* நோய் முற்றினால் யாரை அழைப்பது?
* ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

பயணச் செலவு பற்றிய கேள்வி, தொலைவிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் முக்கியமானது. ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் வருமான இழப்பாகும்.

எச்சரிக்கை

ஆய்வில் சேரும் எண்ணத்தில் மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. தற்கொலை எண்ணம் வந்தால் ஆய்வுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை நாடவேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.