படம் பார்... மார்க் வாங்கு!

"ப்ளஸ் டூ படிக்கிற புள்ள பண்ற வேலையாடா இது? டி.வி.யை அணைச்சுட்டுப் போய்ப் படி!" என்று அம்மா கத்தும்போது, "படிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்" என்று தைரியமாகச் சொல்ல முடியுமா? முடியும். நீங்கள் ஐ.பி. மாணவராக இருந்தால்!

ஐ.பி. எனும் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் டிப்ளமோ, நம்ம ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி இரண்டு வருடப் படிப்பு. அதில் இயற்பியல், வேதியியல் போல 'ஃபிலிம்' என்றே ஒரு பாடம் உண்டு. எல்லா ஐ.பி. பள்ளிகளிலும் கிடையாது, விரும்பும் பள்ளிகள் நடத்தலாம்.

'ஹை, ஜாலி!' என்று துள்ளாதீங்க. 2019-ல் முதல் பேட்ச் முடித்த பாடத்திட்டத்தில் பரீட்சை ஹால் இல்லைதான். ஆனால், வேலை பெண்டு நிமிர்த்தும். ஒரு படத்தில் ஐந்தே நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு 1,750 வார்த்தைகள் வரை அலச வேண்டும். கேமரா ஏன் அங்கே நின்றது, அந்த இடத்தில் ஏன் இசை இல்லை என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லணும். அடுத்து, வெவ்வேறு சூழலில் வந்த இரண்டு படங்களை ஒப்பிட்டு 10 நிமிட வீடியோ. பிறகு எடிட்டிங், ஒலி, ஒளிப்பதிவு, கதை, இயக்கம் போன்றவற்றில் மூன்று வேலைகளைச் செய்து காட்டணும்.

ஹையர் லெவல் எடுத்தால் க்ளைமாக்ஸ் இன்னும் சூடு. இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து ஏழு நிமிடத்துக்குள் ஒரு படம். மதிப்பெண்ணில் 35 சதவீதம் இதற்குத்தான். ஆளுக்கு ஒரு பொறுப்பு; ஒரே டீமில் இரண்டு டைரக்டர் கிடையாது! 'நமக்கு எடிட்டிங்தான் வருது' என்று 17 வயதிலேயே தெரிந்துகொள்வது சின்ன விஷயமா? பலருக்கு அது 30 வயதில், பல வருடங்களைத் தொலைத்த பிறகே தெரிகிறது.

'அதெல்லாம் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுறவங்களுக்கு' என்கிறீர்களா? ஃபீஸ் விஷயத்தில் கோபம் நியாயமே. நம்ம ஸ்டேட் போர்டு ப்ளஸ் டூவில் இப்படியொரு பாடமும் இல்லை. ஆனால், ஃபிலிம் ஸ்கூல் பக்கமே போகாதவர் சத்யஜித் ராய். 1950-ல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்ததும் படம் எடுத்தே தீருவது என்று முடிவெடுத்தார். 1955-ல் வந்தது 'பதேர் பாஞ்சாலி'. அதன் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை!

அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை பிடித்த படத்தில் ஐந்து நிமிடத்தை மட்டும் பாருங்கள். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை சத்தமில்லாமல். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு வெறும் ஒலியை மட்டும். தோன்றியதை நோட்டில் எழுதுங்கள்.

அம்மா வந்தால் நோட்டைக் காட்டலாம்... படிச்சுட்டுத்தானே இருக்கீங்க!