மூப்பும் திறமையும்



பாடசாலை வாத்தியக் குழுவுக்கு மாணவரைத் தெரிவு செய்யும் வேளை, பல இல்லங்களில் மனத்தாங்கலின் வேளையாகவும் அமைந்துவிடுகின்றது. மூன்று ஆண்டுகள் பின்வரிசையில் பொறுமையோடு நின்ற சிரேஷ்ட மாணவன் ஒருவன். அண்மையில் சேர்ந்தும் அவனிலும் நன்றாக வாசிக்கும் இளையவன் ஒருவன். இருப்பதோ ஒரே ஒரு டிரம்பெட். அதை யாரிடம் கொடுப்பது?

யாழ்ப்பாணம் என்னும் பெயருக்கே ஓர் இசைஞனின் கதை காரணமாகச் சொல்லப்படுகின்றது. விழியிழந்த பாணன் ஒருவன் அரசன் முன் யாழ் மீட்டி, இந்நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்பது மரபு. அப்பரிசைப் பெற்றுத் தந்தது அவனது இசையே.

திருவிவிலியமும் இதைப் பற்றிப் பேசுகின்றது. ஈசாயின் புதல்வர் எண்மருள் கடைசி மகன் தாவீது. ஆயினும் யாழ் மீட்டுவதில் வல்லவர் என்பதாலேயே சவுல் அரசரிடம் அழைத்துச் செல்லப்பட்டார். எருசலேம் ஆலயத்து இசைப் பணிக்கென 288 பேர் 24 பிரிவுகளாக நியமிக்கப்பட்டதை முதல் குறிப்பேட்டு நூலின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அவர்கள் அனைவரும் பயிற்சி பெற்றுத் தேர்ந்தவர்கள். பணிமுறையைக் குறிக்கும்போதோ பெரியவர், சிறியவர், ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டார்கள். முதலில் தகுதி, தகுதியுற்றோரிடையே பாரபட்சமின்மை. எத்துணை அழகிய ஒழுங்கு!

அப்படியாயின் மூப்புக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில், மடத்தில் சேர்ந்த காலத்தைக் கொண்டே வரிசை அமைந்தது. இளையோர் மூத்தோரை மதிக்கவேண்டும். ஆனால் வாசிப்பதும் பாடுவதும் அவ்வரிசைப்படி அன்று. கேட்போருக்குப் பயன்தரக் கூடியவருக்கே அப்பணி. இருக்கையில் மூப்பு, இசையில் ஆற்றல் என்று அவர் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார்.

1952இல் அமெரிக்காவின் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழு, திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்து கலைஞரைத் தெரிவு செய்யும் முறையைக் கையாண்டது. வாசிப்பவர் யாரென அறியாத நடுவர் இசையை மட்டுமே கேட்டனர். நம் பாடசாலை மண்டபத்திலும் ஒரு திரைச்சீலையைக் கட்டுவது கடினமன்று. விதிகளை முன்கூட்டியே அறிவிப்பதும், இருவர் சமமாக வாசித்தால் மூத்தவனுக்கு இடமளிப்பதும் நீதியே.

இடம் கிடைக்காத பிள்ளைக்கும் நீதி உண்டு. பெயர்ப் பட்டியலில் தன் பெயரில்லை என்பதை அறிவித்தற்பலகையில் கண்டு அவன் கூனிக் குறுகலாகாது. ஆசிரியர் அவனைத் தனியே அழைத்து, காரணத்தைக் கனிவோடு கூறவேண்டும். அவன் காத்திருந்த ஆண்டுகள் வீணல்ல. புதியவருக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவனுக்கு அளிக்கலாம்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். செபதேயுவின் மனைவி தம் புதல்வர் இருவருக்கும் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் கேட்டு ஆண்டவரை அணுகினார். தாயன்பில் பிறந்த வேண்டுதல்தான். எனினும் அதனால் மற்றப் பத்துச் சீடரும் கோபம் கொண்டனர். இயேசுவோ பணிவிடை செய்பவரே பெரியவர் என்று கற்பித்தார். பிள்ளைக்காக அதிபரின் கதவைத் தட்டுமுன் இதை நினைவுகூருங்கள். செல்வாக்கினால் பெற்ற இடம் பிள்ளைக்குப் பெருமை தராது. மற்றொரு பிள்ளையின் உழைப்பையும் அது பறித்துவிடும்.

தனக்குக் கிடைக்காத வாத்தியத்தை வாசிக்கும் இளையவனை மனமுவந்து பாராட்டும் மூத்த மாணவனை நாம் வளர்ப்போமாக. அத்தகைய பிள்ளையை உருவாக்கும் இல்லமே ஆண்டவருக்கு உகந்த இன்னிசை.