பட்டினி கிடந்த சிப்பியும் வாங்குவோர் உரிமையும்

சிப்பி, மட்டி, கல்லுமேக்காய் ஆகிய இரட்டை ஓட்டு உயிர்கள் கடல்நீரைச் செவுள்களால் வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளை உண்டு வாழ்பவை. கழிவுநீர்க் கிருமிகளும் அவ்வழியே உடலில் சேர்ந்துவிடுவதால், பிடித்தபின் இவற்றைத் தூய கடல்நீரில் ஓரிரு நாள் இரையின்றி வைத்துக் குடலைச் சுத்தப்படுத்தும் முறை பல நாடுகளில் உண்டு. இந்தக் குறுகிய பட்டினியை அவை எளிதில் தாங்கும். அது வாரக்கணக்கில் நீளும்போதுதான் கேடு தொடங்குகிறது.

இரை நின்றதும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் ஆக்சிஜன் நுகர்வு படிப்படியாகக் குறைகிறது. சதையில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் முதலில் கரைய, அது தீரத் தீரக் கொழுப்பும் புரதமும் எரிபொருளாகின்றன. புரதம் சிதையும்போது நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறுகிறது. எனவே நுகரும் ஆக்சிஜனுக்கும் வெளியேறும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் வீழ்ந்தால், அந்த உயிர் தன் சதையையே கரைத்து வாழ்கிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். ஓடு மட்டும் சுருங்குவதில்லை. சதை விட்ட இடத்தை நீர் நிரப்பிவிடுவதால் தராசில் வேறுபாடு எளிதில் தெரியாது. திறந்து பார்த்தால்தான், வெளிர்மஞ்சளாகப் புடைத்திருக்க வேண்டிய சதை நீர்த்துப்போய், ஓட்டின் நிறம் ஊடே தெரியும் அளவுக்கு மெலிந்து கிடப்பது புலப்படும். காட்மியம் போன்ற உலோகம் உடலைவிட்டு மெதுவாகவே நீங்குவதால், மெலிந்த சதையில் அதன் செறிவு கூடவும் செய்யலாம்.

‘நல்ல தண்ணீரில் போட்டு வைத்தது’ என்ற சொல்லை முழுப் பாதுகாப்பாகக் கொள்வதே இதில் மிகப் பெரிய ஆபத்து. பாக்டீரியாக்கள் பெருமளவு வெளியேறினாலும், நோரோ வைரஸும், சில நுண்பாசிகள் உண்டாக்கும் சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சும் ஓரிரு நாளில் நீங்கிவிடும் என்று நம்ப இயலாது. அந்த நஞ்சைச் சமையல் சூடும் அழிப்பதில்லை. 1981இல் தமிழ்நாட்டில் மட்டி உண்ட மூவரும், 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் உண்ட ஏழு பேரும் இவ்வகை நஞ்சால் உயிரிழந்தனர்.

எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது என்று கேட்பதும், தட்டினால் ஓட்டை மூடாதவற்றை மறுப்பதும் வாங்குபவரின் உரிமை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி, பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 65ஆம் பிரிவு வகைசெய்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதியலாம். உண்டபின் உதடோ நாக்கோ மரத்துப்போனால், சாக்சிடாக்சினுக்கு மாற்று மருந்து இல்லை என்பதாலும், மூச்சுத் தசைகள் செயலிழந்தால் செயற்கைச் சுவாசமே உயிர்காக்கும் என்பதாலும், சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எஞ்சிய உணவை வீசிவிடாமல் சோதனைக்காக எடுத்துவைக்க வேண்டும்.