நூறு வெள்ளி அபராதத்துக்குப் பிறகு

2024 ஜூலை 16 அன்று கோலாலம்பூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 35 வயதுப் பெண் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிக்டாக்கில் இன்னொரு பெண்ணை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். இழிவுபடுத்தப்பட்டவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி அவர். டாங் வாங்கி காவல் தலைமையகத்தில் புகார் கொடுத்த மறுநாள், ஜூலை 5ஆம் தேதி, அவர் உயிர் பிரிந்தது. 44 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் மீது தனியாக வேறு வழக்கும் தொடுக்கப்பட்டது. ஆனால் மக்கள் மனத்தில் தைத்தது அந்த நூறு வெள்ளிதான். நீதிபதி இரக்கம் காட்டிவிட்டார் என்று பலர் கோபப்பட்டார்கள். அது சரியல்ல. குற்றம் சாட்டப்பட்ட பிரிவு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதில் விதிக்கக்கூடிய உச்சகட்ட அபராதமே நூறு வெள்ளி. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன் தெருச் சண்டைக்கும் வாய்ச் சண்டைக்கும் எழுதிய சட்டம் அது. ஆயிரம் பேர் பார்க்க ஒருவரைப் பல வாரம் தொடர்ந்து சிதைக்க முடியும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

ஜப்பானிலும் இதேதான் நடந்தது. ஹனா கிமுரா என்ற மல்யுத்த வீராங்கனை 2020 மே மாதம் இறந்த பிறகு, அவரை இணையத்தில் இழிவாகப் பேசியவர்களுக்கு 9,000 யென் அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே எழுந்த கொதிப்பில் 2022இல் சட்டத்தைத் திருத்தி ஓராண்டுச் சிறை வரை கொண்டுவந்தார்கள். மலேசியாவில் அந்த வேலை அதைவிட வேகமாகவே முடிந்தது. தண்டனைச் சட்டத் திருத்தம் 2024 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறி, 2025 ஜூலை 11ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஈஷா இறந்து ஓராண்டும் ஆறு நாளும் ஆகியிருந்தன.

புதிதாகச் சேர்ந்தவை 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள். மிரட்டல், வசை, அவமதிப்பு ஆகியவற்றால் ஒருவருக்கு வேண்டுமென்றே தொல்லையோ மன உளைச்சலோ அச்சமோ உண்டாக்கினால் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரைத் தொல்லைப்படுத்தும் எண்ணத்தோடு அவருடைய அடையாள விவரங்களை, அதாவது வீட்டு முகவரி, ஐசி எண், வேலை இடம் போன்றவற்றை வெளியிட்டாலும் அதே அளவு தண்டனை உண்டு. மிரட்டி, தூண்டி ஒருவரைத் தற்கொலை முயற்சிக்குத் தள்ளினால் பத்தாண்டு வரை சிறை செல்ல நேரும். இணையத்தில் செய்தாலும் நேரில் செய்தாலும் சட்டம் ஒன்றுதான்.

சட்டம் மாறிவிட்டது. நம் வீடுகளில் சொல்லும் பதில் இன்னும் மாறவில்லை. கிள்ளானிலோ செந்தூலிலோ ஒரு பெண், "நேற்று லைவ்வில் என்னை ரொம்பக் கேவலமாகப் பேசிட்டாங்க" என்று சொன்னால், அம்மாவும் அண்ணனும் அத்தையும் ஒரே குரலில் சொல்வது: "டிக்டாக்கை டிலீட் பண்ணிட்டு வேலையைப் பாரும்மா." அக்கறையில்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் சேலை விற்பதும், முறுக்கும் ஊறுகாயும் ஆர்டர் எடுப்பதும், அழகுக்கலை வகுப்பு நடத்துவதும் அந்தக் கணக்கில்தான் என்றால், அழித்துவிடு என்று சொல்வது கடையை மூடு என்று சொல்வதாகும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கணக்கை அழித்தால் அவளுக்கு வந்த செய்திகளும், தடுத்து வைத்தவர்களின் பட்டியலும், கருத்துகளும் சேர்ந்தே அழிகின்றன. வழக்குக்கு வேண்டியவை அவைதான். ஒதுங்கி இருக்க வேண்டும் என்றால் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றலாம், கருத்துப் பகுதியை மூடலாம், செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடலாம். கணக்கு அப்படியே இருக்கட்டும்.

சாட்சியம் சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான புகார்கள் இங்கேதான் தளர்ந்துபோகின்றன. நேரலையில் பேசியது முடிந்ததும் பார்வையாளர் கையில் எதுவும் மிஞ்சாது. பேசும்போதே போனின் திரைப் பதிவை ஓடவிட வேண்டும். பதிவில் பேசுபவரின் முகமும் குரலும் மட்டும் போதாது, அவருடைய கணக்குப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது பெரிய எழுத்தில் தெரியும் பெயர் அல்ல. அந்தப் பெயரை எவரும் ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பயனர் பெயர்தான் முக்கியம். டிக்டாக்கில் அதைக்கூட முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்ற முடியும் என்பதால், பகிர் பொத்தானை அழுத்திக் கணக்கின் இணைப்பை நகலெடுத்து வைப்பது நல்லது. தேதியையும் நேரத்தையும் உடனே எழுதிவிடுங்கள். "போன மாதம் ஒருநாள் ராத்திரி" என்பது விசாரணை அதிகாரிக்கு எந்த வகையிலும் உதவாது.

அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப் காணொளியைச் சுருக்கிவிடும். போனில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாமல், ஒரு பிரதியைப் பென்டிரைவிலோ வேறு கணினியிலோ வையுங்கள். பத்துப் பேருக்கு அனுப்புவதில் இன்னொரு கேடும் இருக்கிறது: எந்த வசையால் அவள் நொறுங்கிக் கிடக்கிறாளோ அதையே நாமும் பரப்புகிறோம்.

இந்த வேலையைப் பாதிக்கப்பட்டவரே செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தன்னைப் பற்றிய ஒவ்வொரு வசையையும் திரும்பத் திரும்பப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்வது கொடுமை. தங்கையோ தோழியோ போனை வாங்கிக்கொண்டு அதைச் செய்யட்டும். எதிராளிக்குப் பதில் சொல்வதும் வேண்டாம். பதிலுக்கு நாம் சொல்லும் ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, அவர்களும் ஒரு புகார் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது காவல் நிலையம். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்த வட்டாரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. புகாரில் "அவர் என்னை அசிங்கமாகத் திட்டினார்" என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். நம் நேரலைகளில் பேசுவது தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு, கருத்துகளில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். மலாயில் எழுதும் அதிகாரிக்கு அந்தச் சொல் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று தெரிய வாய்ப்பில்லை. சாதியைக் குத்தும் சொல், பிறப்பைக் குத்தும் சொல், பாலியல் மிரட்டல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே மலாயில் பொருள் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை முறை, எந்தெந்த நாள், அதனால் என்ன ஆனது என்பதும் வேண்டும்: தூக்கம் போனது, வேலைக்குப் போகப் பயந்தது, மருத்துவரைப் பார்த்தது எல்லாம். புதிய பிரிவுகள் கேட்பது தொல்லை, உளைச்சல், அச்சம் ஆகியவற்றையே. அதைச் சொல்லாத புகாரில் குற்றத்தின் பாதி விடுபட்டுப்போகும். எழுதிய பிறகு அதிகாரி அதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். பிரதியை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அதன்பின் வாரக்கணக்கில் ஒரு தகவலும் வராமல் இருப்பது பலருக்கும் நேர்வது. அதே சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருப்பதை நம்மில் மிகச் சிலரே அறிவார்கள். வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்துவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. நிலையப் பொறுப்பதிகாரி இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்கறிஞரிடம் முறையிடலாம். கடிதம் கொடுத்ததற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் மட்டும்தான் வழி என்று எண்ணவும் வேண்டாம். வசை பாலியல் ரீதியானது என்றால், 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் 2024 மார்ச் முதல் இயங்கும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இணையத்தில் நடந்ததும் அதில் சேரும். வழக்கறிஞர் தேவையில்லை, விசாரணை மூடிய அறையில் நடக்கும், இழப்பீடு இரண்டரை இலட்சம் வெள்ளி வரை கிடைக்கலாம். ஒருவரே விடாமல் பின்தொடர்ந்தால், அதற்கெனத் தண்டனைச் சட்டத்தில் 2023 மே மாதம் நடப்புக்கு வந்த 507ஏ பிரிவு இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே அவர் நெருங்காமலும் தொடர்புகொள்ளாமலும் இருக்கப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். தொல்லை தருபவர் கணவரோ முன்னாள் கணவரோ என்றால் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தும். மின்னணு வழி வரும் மிரட்டலும் அவமதிப்பும் 2017 திருத்தத்துக்குப் பிறகு அதில் அடங்கும். சமூகநலத் துறையிடம் ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை பெறலாம்.

பதிவை நீக்குவது வேறு வேலை. முதலில் தளத்திலேயே புகார் செய்ய வேண்டும், அதையும் படமெடுத்து வைக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம், மிரட்டி இழிவுபடுத்தித் தொல்லை தரும் பதிவுகளைத் தீங்கான உள்ளடக்கம் என்று வகைப்படுத்துகிறது. புகார் வாங்கி நடவடிக்கை எடுக்கும் ஏற்பாட்டைப் பெரிய தளங்கள் வைத்திருப்பதும் அதன்படி கட்டாயம். தளம் அசையவில்லை என்றால் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் செல்லலாம். அதன் தொலைபேசி எண் 1800-188-030. தளங்களின் இயந்திரச் சல்லடைகள் நம் கலப்புத் தமிழைச் சரியாகப் புரிந்துகொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஆகவே புகாரில் எந்த வரி, எந்த நிமிடம், என்ன பொருள் என்று மனிதர் ஒருவருக்கு விளக்குவது போலவே எழுதுங்கள்.

ஆதரவாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்காகக் கொதித்து, திட்டியவரின் வீட்டு முகவரியையும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் போட்டு "போய்க் கேளுங்க" என்று எழுதுகிறவர்களை ஒவ்வொரு சம்பவத்திலும் பார்க்கிறேன். அடையாள விவரம் வெளியிடுவதைத் தடுக்கும் அதே பிரிவு அவர்கள் மீதும் பாயும். நியாயமான கோபம் என்பது அங்கே தற்காப்பாக ஏற்கப்படாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களை நடத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும்: சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, பெயரோ படமோ உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ காட்டப்பட்டிருப்பவரே பதிவை வெளியிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. கோவில் குழுவோ, முன்னாள் மாணவர் குழுவோ, வசை வந்தால் நீக்கிவிட்டு, நீக்கியதைக் குழுவில் எழுதி வைப்பதே நிர்வாகிக்குப் பாதுகாப்பு. நேரலைகளில் "கிஃப்ட்" அனுப்பிச் சண்டையை வளர்க்கிறவர்களை இப்போதைக்கு எந்தப் பிரிவும் தொடுவதில்லை. ஆனால் இரவு முழுக்க ஒருவரைக் கிழித்துத் தொங்கவிடும் லைவ்வுக்கு எரிபொருள் அந்தக் காசுதான். அதைப் பார்க்காமல் வெளியேறுவதும், அங்கிருந்தபடியே புகார் பொத்தானை அழுத்துவதும் நம் கையில் இருக்கிறது.

வழக்கும் தீர்ப்பாயமும் மாதக்கணக்கில் நடக்கும், ஆனால் ஒரு இரவுக்குள் மனம் உடைந்துபோகலாம். வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, "நான் இல்லாம போனா நல்லா இருக்கும்" என்று ஒரு சொல் வந்தாலோ, அதை விளையாட்டாக எடுக்காமல் நேராகக் கேளுங்கள். உதவி கேட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பழைய பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. குடும்பத்துக்குள்ளேயே தொல்லை என்றால் தாலியான் காசே 15999. முதல் அழைப்பைப் பாதிக்கப்பட்டவர்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. பக்கத்தில் இருப்பவர் எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்தாலும் போதும்.